எடை போடும்போது சோறு வராது

பொதட்டூர்ப்பேட்டையில் நாலு தறிக்கு நாடா விற்று,
பள்ளிப்பட்டில் ஒருவர் அடுத்த மாதம் என்று கைவிரித்து,
நகரிப் பக்கம் வண்டியைத் திருப்பியபோது மணி மூன்று.
மைல்கல்லில் எழுத்துகள் சுருள ஆரம்பித்திருந்தன.
வயிறு மட்டும் காலை ஏழு மணி இட்லியோடு
எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டிருந்தது.

பின்சக்கரத்தில் காற்று இறங்கியது
குவாரி லாரிகளை நிறுக்கும் எடைமேடை வாசலில்.
அரை கிலோமீட்டர் தள்ளி இறங்கியிருந்தால்
எனக்கு இன்றும் தெரிந்திருக்காது.

கல்தூசு. புங்கமரம்கூடச் சாம்பல் நிறம்.
தகரக் கொட்டகைக்குள் ஒரு கணினி, ஒரு சுப்பராயலு.
பஞ்சருக்கு ஆள் கேட்டேன்.
"வருவான். தின்னியா?" என்றார்
எந்த மாநிலமும் சொந்தம் கொண்டாடாத ஒரு பேச்சில்.

மேடைக்கு அந்தப் பக்கம் அடுப்பு.
இந்தப் பக்கம் இரண்டு பெஞ்சு.
நடுவில் அறுபது டன் தாங்கும் இரும்புத் தளம்.
ரெட்டெம்மா தட்டோடு அதைக் கடந்துதான் வரவேண்டும்.
சுவரில் கரியால், இரண்டு மொழியிலும்
(தமிழில் பிழையோடு; தெலுங்கு எனக்குத் தெரியாது):
'எடை போடும்போது சோரு வராது.'

விளங்கவில்லை. பிறகு ஒரு லாரி ஏறியது.
டம்ளரில் தண்ணீர் நடுங்கியது.
ரெட்டெம்மா அக்கரையில் நின்றுவிட்டாள்,
கையில் என் தட்டு, ஆவி பறக்க.
இப்போது அவள் கால் வைத்தால்
அவளும் கோழியும் சங்கட்டியும்
பாறைக் கணக்கில் சேர்ந்துவிடும்.
சிவப்பு எண்கள் ஓடின, தயங்கின,
ஒருவழியாக மனசு வந்து நின்றன.
லாரி இறங்கியது.
சோறு வந்தது.

களி தின்று வளர்ந்தவன்தான் நான்.
மெல்லாமல் விழுங்கி எழுந்துகொள்ளும் ஒரு கடமை அது.
இதை விழுங்க மனம் வரவில்லை.
கைப்பந்து அளவு சங்கட்டி, உச்சியில் கட்டைவிரல் குழி,
குழி வழிய நாட்டுக்கோழிப் புலுசு,
ஓரத்தில் அம்மியில் பாதியே அரைபட்ட வேர்க்கடலை ஊருபிண்டி.
காரம் முதலில் காதுக்குப் போனது.
அப்புறம்தான் நாக்குக்குத் திரும்பியது,
புளியைக் கையோடு கூட்டிக்கொண்டு.
எதிர் பெஞ்சு டிரைவர் என் முகத்தைப் பார்த்தார்.
தன் மோரை என் பக்கம் நகர்த்தினார்.

இன்னொரு உருண்டை கேட்டேன்.
இன்னொரு லாரி ஏறியது.
கை காய்ந்தது. பசி காயவில்லை.

சாப்பிடும் முன்பே, பஞ்சர்காரனுக்குக் காத்திருந்தபோது,
விளையாட்டாக மேடையில் ஏறி நின்றிருந்தேன்:
அறுபது என்று காட்டியது.
கைகழுவிவிட்டு மறுபடி ஏறினேன்:
எழுபது.
"பத்து கிலோவா தின்றேன்?"
சுப்பராயலு திரையிலிருந்து கண் எடுக்கவில்லை.
"இதுக்குப் பத்துப் பத்தாத்தான் எண்ணத் தெரியும்.
நீ ஓரத்துல நின்னுட்டு இருந்தே.
அவ கொஞ்சம் தள்ளி விட்டா."

பில் ஓர் எடைச்சீட்டின் பின்புறம்: தொண்ணூற்றைந்து ரூபாய்.
முன்புறம் முப்பத்தோரு டன் இருநூறு கிலோ, கருங்கல்.
சட்டைப்பையில் அதைக் கண்டெடுத்த கௌசல்யா
என்ன வியாபாரம் ஆரம்பித்திருக்கிறீர்கள் என்றாள்.
சாப்பாடு என்றேன். நம்பவில்லை.

யாரிடமும் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.
மூன்றாம் நாள், திருத்தணி லாட்ஜில்,
பாபின் விற்கும் ஏகாம்பரத்திடம் வாய் உளறிவிட்டது.
போர்டு உண்டா என்றார். இல்லை.
பெயர்? இல்லை.
எடைமேடை என்று மட்டும் சொன்னேன்.

போய்விட்டு வந்து திட்டினார்.
"கடையாவது மண்ணாவது.
லாரி ஒன்று நிற்கிறது.
அதற்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பளை
தட்டை ஏந்திக்கொண்டு அசையாமல் நிற்கிறாள்.
வேண்டுதலோ என்னவோ என்று
வண்டியைத் திருப்பிவிட்டேன்."